கம்மாலைக் கால் வைஸ்: ஒல்லாந்தர் காலமா, அம்மப்பா காலமா?

கேள்வி இதுதான். முள்ளியவளையில் இருக்கும் ஒரு தம்பியிடம் அம்மப்பாவின் கம்மாலையில் (கொல்லுப் பட்டறையில்) இருந்த கால் வைஸ் ஒன்று இருக்கிறது. இரும்பை இறுக்கிப் பிடித்து அடிப்பதற்கான, நிலம்வரை கால் நீண்ட பிடிகருவி அது. இடம்பெயரும்போது வளவுக்குள் புதைத்துவிட்டுப் போய், மீளக் குடியேறியபின் தோண்டி எடுத்தது. வாய் ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பின்காலில் 56 என்று ஓர் இலக்கம். வேறு எழுத்து தெரியவில்லை. திருகைக் கழற்றிப் பார்த்தால் குழலுக்குள் மஞ்சளாக ஏதோ மின்னுகிறது. வில்லு லொறித் தகடு, கைபிடி கட்டடக் கம்பி. அடிக்கூர் வளைந்திருக்கிறது. பெரியம்மா அது ஒல்லாந்தர் காலத்துச் சாமான் என்கிறா. பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் விலை பேசுகிறார். இது எந்தக் காலத்தது, வைத்திருப்பதா கொடுப்பதா?

தம்பி, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தர் 1796-இல் இலங்கையை விட்டுப் போய்விட்டார்கள். நீங்கள் சொன்ன அடையாளங்கள் எதுவும் அவ்வளவு தூரம் பின்னே போகவில்லை. காலும் திருகும் குழலும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு, அதிலும் இரண்டாம் பாதி. இங்கிலாந்துச் செய்கையாக இருக்கவே கூடுதல் வாய்ப்பு. வில்லும் கைபிடியும் நம்முடைய காலத்தவை. பழைய இரும்புக்குக் கொடுக்க வேண்டாம். காரணங்களை இனிச் சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே ஒருமுறை ரோச் லைற்றோடு போய்ச் சரிபாருங்கள், ஏனென்றால் நான் உங்கள் வைஸைத் தொட்டுப் பார்க்கவில்லை.

இந்தச் சாமானில் ஆட்கள் தடுமாறுவது, முழு வைஸுக்கும் ஒரே வயது என்று நினைப்பதால்தான். கம்மாலையில் நூறு வருசம் அடிபட்ட வைஸில் வில்லு மாறியிருக்கும், கைபிடி மாறியிருக்கும், தட்டு வேறொன்றிலிருந்து வந்திருக்கும், சில நேரம் திருகே மாறியிருக்கும். ஆகவே உறுப்பு உறுப்பாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் போட வேண்டும். கடைசியில் காலும் குழலும் சொல்வதைத்தான் வைஸின் வயதாக எடுக்கலாம்.

உறுப்புகள் அதிகம் இல்லை. நிலம்வரை இறங்கும், அடியில் கூர் உள்ள நீண்ட பின்கால். அதோடு கீழே ஓர் அச்சாணியில் அசையும் குட்டையான முன்கால். இரண்டையும் இறுக்கும் திருகு. திருகு போய்ப் புகும் குழல். முன்காலைத் தள்ளித் திறக்கும் வில்லு. மரத்தில் அறையும் தட்டு. தட்டைப் பின்காலோடு சேர்த்துப் பிடிக்கும் வளையமும் ஆப்புகளும். பின்கால் ஏன் நிலத்தில் ஊன்றுகிறது என்றால், சம்மட்டி அடி மேசைக்குப் போகாமல் நேரே நிலத்துக்கு இறங்குவதற்கு. மேசையில் பூட்டும் சாதாரண வைஸ் வார்ப்பிரும்பு. அதன்மேல் சம்மட்டியால் போட்டால் உடையும். கால் வைஸ் அடித்துச் செய்த இரும்பு, அடி தாங்கும். நன்றாகத் திறந்தால் வாய்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்காது, முன்கால் வளைவாகத்தான் விலகும். அதைப் பார்த்துப் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. அது இந்த வைஸின் சுபாவம்.

இனிக் குழல். வயது பார்ப்பதில் அரைவாசி வேலை இதற்குள்தான் இருக்கிறது.

ஒரு குழாயின் உட்பக்கத்தில் சதுரத் திருகுப் புரி வெட்ட இன்று ஒரு கடைசல் இயந்திரம் போதும். முன்பு அது பெரும்பாடு. அதனால் பழைய கொல்லர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். திருகின் புரிப் பள்ளத்துக்குள் ஒரு சதுரக் கம்பியைச் சுற்றுவார்கள். அதுதான் குழலின் உட்புரியாக வரப்போவது. பிறகு அதைத் திருகிலிருந்து கழற்றி, இடைவெளி மாறாமல் குழாய்க்குள் செருகி, பித்தளையை உருக்கி ஓடவிட்டுக் குழாயோடு பிடிக்கச் செய்வார்கள். ஆகவே புரி தனி, குழாய் தனி, இடையில் பித்தளை. நீங்கள் பார்த்த மஞ்சள் இதுதான்.

பின்னாளில் குழலை முழு இரும்பிலிருந்து அடித்து, துளைத்து, உள்ளே புரி வெட்டினார்கள். இங்கிலாந்தில் டட்லியைச் சேர்ந்த பீற்றர் ரைற் நிறுவனம் இதைத்தான் ‘பேற்றன்ற் சொலிட் பொக்ஸ்’ (காப்புரிமை பெற்ற ஒரே துண்டுக் குழல்) என்று ஆங்கிலத்தில் குத்தி விற்றது. அடைகல்லுக்கும் பேர்போன நிறுவனம் அது. அந்தக் குத்து உள்ள வைஸ் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்க முடியாது.

ஆனால் இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கக் கூடாது. பித்தளை தெரிந்தால் 1850-க்கு முந்தியது என்று சிலர் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். புதிய முறை வந்த மறுநாளே எல்லாப் பட்டறையும் பழைய முறையை விட்டுவிடவில்லை. டட்லி, பேர்மிங்காம் பக்கத்தில் சிறிய பட்டறைகள் ஏராளம். மலிவு வைஸ் அடித்தவர்கள் பித்தளை முறையிலேயே பல காலம் ஓட்டினார்கள். ஆகவே பித்தளைக் குழல் என்பது “பழைய முறை” என்று மட்டும் சொல்லும். எவ்வளவு பழையது என்பதை மற்ற உறுப்புகளிடம்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் பார்த்தது பித்தளைதானா என்று உறுதிசெய்ய, திருகை முழுதாகக் கழற்றிவிட்டுக் குழலுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, துணி சுற்றிய குச்சியால் துடையுங்கள். ரோச்சைச் சரித்துப் பிடித்துப் பார்த்தால் புரியின் அடிவாரத்தில் மஞ்சள் கோடு ஓடும். வாய் விளிம்பில் சின்ன அரத்தால் லேசாக உரசினாலும் தெரியும். முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் அது ஒரே இரும்பு, நீங்கள் கண்டது பழைய கிறீசாக இருக்கலாம்.

இன்னொன்று. இந்தப் பித்தளைக் குழலுக்குப் பக்கத்தில் ஒருவரையும் வெல்டிங் வைக்க விடாதீர்கள். பித்தளை 900 பாகைக்குக் கிட்டவே உருகிவிடும். ஒட்டு விட்டுப் புரி தனியாகக் கழன்று வந்தால் பிறகு திருகு சும்மா சுழலும், பிடிக்காது. அதோடு பித்தளையிலுள்ள துத்தநாகம் புகையாக எழும். அதைச் சுவாசித்தவர் அன்றிரவு காய்ச்சலில் நடுங்குவார்.

குழலை வெளியிலும் பாருங்கள். பின்முனை மூடியதாக, கடைந்த வரைகளும் ஒரு குமிழும் வைத்து அழகாக முடிந்திருந்தால் அது பழைய இங்கிலாந்துக் கைவேலையின் பழக்கம். நேரே வெட்டிய மொட்டைக் குழாயாக இருந்தால் பிந்தியது, அல்லது மாற்றியது. குழலின் அடியில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். அது பின்காலின் கண்ணிலுள்ள (குழல் புகும் துளையிலுள்ள) வெட்டுக்குள் உட்கார்ந்து குழல் சுழலாமல் தடுக்கும். அந்தப் புடைப்பும் வெட்டும் இறுக்கமாகப் பொருந்தினால் குழலும் காலும் பிறந்ததிலிருந்தே ஒன்றாக இருக்கின்றன என்று நம்பலாம். ஆட்டம் கண்டால், அல்லது தகரத் துண்டு செருகியிருந்தால், குழல் வேறொரு வைஸிலிருந்து வந்திருக்கலாம்.

அடுத்தது தட்டு. மிகப் பழைய வைஸ்களில் தட்டிலிருந்து ஒரு நாக்கு நீண்டு பின்காலில் உள்ள துளைக்குள் புகும். மறுபக்கத்தில் ஆப்பு அடித்து இறுக்குவார்கள். தச்சன் மரத்தில் செய்யும் பொருத்து, இரும்பில். அப்படி இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கோ அதற்கு முன்னுக்கோ போகலாம் என்று பொதுவாகக் கொள்வார்கள். பிறகு வந்தது லாடம்போல் வளைந்த பட்டை: அது பின்காலைச் சுற்றிப் பிடித்து, தட்டுக்குள் நுழைந்து, ஆப்புகளால் இறுகும். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் 20ஆம் நூற்றாண்டும் இதுதான். நீங்கள் எழுதியதில் “வளையமும் இரண்டு ஆப்பும்” என்று இருந்தது. பெரியம்மாவின் ஒல்லாந்தர் கதை சரியாக இங்கேதான் விழுகிறது. பின்காலில் வளையம் மறைக்கும் இடத்தில் பழைய துளை எதுவும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். துளை இருந்து, அதை விட்டுவிட்டு வளையம் போட்டிருந்தால் நான் பேச்சை மாற்ற வேண்டிவரும்.

அச்சாணியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சதுர நட் பழையது. ஆறு பக்க நட் பிந்தியது, அல்லது மாற்றியது. நட்டே இல்லாமல் ஆணியின் முனையில் துளையிட்டு ஆப்பு செருகியிருந்தால் இன்னும் பழையது. ஆனால் போல்ட்தான் வைஸில் எளிதில் தேயும், எளிதில் மாறும். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

இரும்பைப் பார்ப்பது சுவையான வேலை. 19ஆம் நூற்றாண்டில் கால் வைஸ்களின் உடலைப் பெரும்பாலும் தேனிரும்பில்தான் (உலையில் காய்ச்சி அடித்து உருவாக்கும் மென்மையான பழைய இரும்பு) அடித்தார்கள். தேனிரும்புக்குள் கசடு நூல்நூலாக நீண்டு கிடக்கும். நெடுங்காலம் மண்ணில் கிடந்து துரு தின்னும்போது நடுவிலுள்ள இரும்பு போய், கசடுக் கோடுகள் தூக்கலாகத் தெரியும். மழையில் கிடந்த பாலைக் கட்டையின் நார் எப்படித் தெரியுமோ அப்படி. உங்கள் வைஸ் பல வருசம் புதைந்து கிடந்ததென்றால் அந்தக் கோடுகள் காலின் நீளத்துக்கு ஓடுவதை நீங்கள் ஏற்கெனவே கண்டிருப்பீர்கள். “வெடிப்பு” என்று பயந்துமிருப்பீர்கள். வெடிப்பு அல்ல. கிரைண்டரில் ஒரு மூலையைத் தொட்டுப் பார்க்க ஆசை வந்தால், கண்ணில் படாத அடிப்பக்கத்தில் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். தேனிரும்பு வைக்கோல் நிறத்தில் நீளமான பொறி தரும், நுனியில் அதிகம் வெடிக்காது. உருக்கென்றால் பொறி கிளைவிட்டு வெடிக்கும். வார்ப்பிரும்பின் பொறி குட்டை, சிவப்பு.

வாயின் உட்பக்கத்தில் உருக்குத் தகடு காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் ஒட்டுக்கோடு மயிரிழையாகத் தெரியும். அந்தக் கோடு இருந்தால் உலையில் அடித்த வைஸ். அச்சில் அழுத்திச் செய்ததில் பக்கவாட்டில் பிதுங்கல் வெட்டிய தழும்பு ஓடும். வார்த்ததில் அச்சு சேர்ந்த கோடு தெரியும், மேற்பரப்பு மணல்மணலாக இருக்கும். காலின் ஓரங்களைச் சரிவாகச் சீவி, அந்தச் சரிவை அழகாக ஓர் இடத்தில் நிறுத்தி முடித்திருந்தால் அது நேரமெடுத்துச் செய்த வேலை. காலம் செல்லச் செல்ல அந்த அலங்காரம் குறைந்துகொண்டே போனது.

இனிக் குத்துகள். 56 என்பது 1856 அல்ல என்று முதலில் சொல்லிவிடுகிறேன், யாராவது அப்படிச் சொல்வார்கள். இங்கிலாந்து வைஸ்களில் இப்படி வரும் இலக்கம் பெரும்பாலும் நிறை, இறாத்தலில். ஓர் அந்தர் 112 இறாத்தல். 56 இறாத்தல் என்றால் சரியாக அரை அந்தர், கிலோவில் 25.4. ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த வாய்க்கு அது பொருத்தமான நிறைதான். நெல் நிறுக்கும் தராசில் போட்டுப் பாருங்கள். துரு தின்றதும் வில்லு மாறியதும் போக 24, 25 கிலோ வந்தால் கேள்வியில்லை. முப்பதைத் தாண்டினால் அந்த இலக்கம் வேறெதற்கோ குத்தியது. ஒரு திணைக்களத்தின் பொருட்கணக்கு இலக்கமாகக்கூட இருக்கலாம். (அம்மப்பாவின் அடைகல்லும் கிடைத்திருந்தால் அதன் பக்கத்தில் மூன்று இலக்கங்கள் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். 1 2 10 என்றிருந்தால் ஓர் அந்தர், கால் அந்தர் இரண்டு (அதாவது அரை அந்தர்), பத்து இறாத்தல். மொத்தம் 178 இறாத்தல். அதைக் கூட்டத் தெரியாமல் 1210-ஆம் ஆண்டு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.)

நாட்டின் பெயரைப் பற்றி ஒரு விதி எல்லாரும் சொல்வார்கள்: ‘இங்கிலாந்து’ என்று இருந்தால் 1891-க்குப் பின், இல்லாவிட்டால் முன். இதில் முதல் பாதியை ஏற்கலாம், இரண்டாம் பாதி நமக்குச் செல்லாது. இந்த விதி எங்கிருந்து வந்தது? அமெரிக்கா 1890-இல் போட்ட மக்கின்லி வரிச் சட்டம், தன் நாட்டுக்குள் வரும் சாமானில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அது 1891-இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தங்கள் நாட்டில் கிடைக்கும் சாமானுக்கு அதை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு அது பொருந்தும். இலங்கைக்குக் கப்பலேறிய வைஸுக்கு அமெரிக்கச் சுங்கத்தோடு என்ன வேலை? நாட்டுப் பெயர் இல்லாத வைஸ் இங்கே 1870-ஆகவும் இருக்கலாம், 1910-ஆகவும் இருக்கலாம். பெயர் இருந்தால் அது 1890களுக்கு முந்தியதாக இருக்கும் வாய்ப்புக் குறைவு, அவ்வளவுதான்.

அரச முத்திரைகளும் உண்டு. மேல்நோக்கிய அகன்ற அம்பு பிரித்தானிய அரசின் உடைமைக் குறி. ரயில்வே, பொதுவேலைத் திணைக்களம் போன்றவற்றின் ஆங்கில முதலெழுத்துகளும் காலில் குத்தப்பட்டிருக்கலாம். இவை செய்த ஆண்டைச் சொல்லமாட்டா. யார் கையில் இருந்தது என்று சொல்லும். நம் பக்கத்துக்கு அதுவும் பெரிய சேதிதான்.

எழுத்து தெரியவில்லை என்பதை வைத்து எழுத்தே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். துருவுக்கு அடியில் குத்து ஆழமில்லாமல் கிடக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷால் கையால் தேய்த்து, காய்ந்தபின் சோக்கை உரசித் துடைத்துவிட்டு, இரவில் ரோச்சைப் பக்கவாட்டில் படுத்தினாற்போல் பிடித்துப் பாருங்கள். பின்காலின் இரண்டு பக்கமும், வாய்க்குக் கீழேயும், குழலிலும், தட்டிலும் தேடுங்கள். ஒரு தாளை வைத்துக் கரியால் தேய்த்து எடுத்தால் கண்ணுக்குப் படாத எழுத்தும் சில நேரம் தாளில் விழும். கிரைண்டர், மணற்காகிதத் தட்டு இரண்டையும் இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். நூறு வருசம் தாங்கிய குத்து ஒரு நிமிசத்தில் போய்விடும். துரு கட்டியாக இருந்தால் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் போட்டு, பற்றரிச் சார்ஜரின் எதிர்முனையை வைஸுக்கும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கும் கொடுத்து இறக்கலாம். திறந்த வெளியில் செய்யுங்கள். தகட்டுக்குத் துருப்பிடிக்காத உருக்கு வேண்டவே வேண்டாம், அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரையும்.

இந்தியச் செய்கையாக இருக்கலாமோ என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் பித்தளைக் குழலைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் வன்னியில் திரியும் கால் வைஸ்களில் இந்தியாவிலிருந்து வந்தவையும் உண்டு, அவற்றுக்கு வயது போடுவது எளிது. ஐ.எஸ்.ஐ. முத்திரை (இந்தியத் தரக்குறி) இருந்தால் 1955-க்கு முன் இல்லை; அந்த முத்திரைத் திட்டம் தொடங்கியதே அப்போதுதான். அளவை மில்லிமீற்றரிலோ நிறையைக் கிலோவிலோ குத்தியிருந்தால், இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கிய 1950களின் கடைசிக்குப் பிந்தியது. குழல் மின் வெல்டிங்கில் ஒட்டியிருந்து, ஆறு பக்க போல்ட்டும் தடித்த பெயின்ற்றும் இருந்தால் கடையில் இன்றும் வாங்கக்கூடிய சாமான். அதை உப்புத் தண்ணீரில் போட்டுத் துருப்பிடிக்க வைத்துப் “பழமை” என்று விற்பதும் நடக்கலாம். பழைய துரு ஆழமானது, கறுப்பும் கபிலமுமாகக் கல்போல் இறுகியிருக்கும். அவசரத் துரு செம்மஞ்சளாக விரலில் ஒட்டும்.

இப்படி ஒரு இங்கிலாந்து வைஸ் முள்ளியவளைக் கம்மாலைக்கு எப்படி வந்தது? உறுதியாகச் சொல்ல ஆவணம் வேண்டும், ஆனால் வழிகள் தெரிந்தவைதான். 1905-இல் வடக்கு ரயில் பாதை கொழும்போடு முழுதாக இணைந்தது. அதன் பிறகு அரை அந்தர் இரும்பை மாங்குளம்வரை கொண்டுவருவது பெரிய காரியமில்லை. 1914-இல் தலைமன்னார்ப் பாதை திறந்தபின் தனுஷ்கோடி வழியாகவும் சாமான் வந்தது. 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அது நடந்தது. இரணைமடுக் குளத்து வேலை 1902-இல் தொடங்கி ஏறக்குறைய இருபது வருசம் நடந்தது. அப்படிப்பட்ட வேலைத்தளத்தில் அலவாங்கும் பிக்காசும் கூர்தீட்ட ஒரு கம்மாலை இல்லாமல் முடியாது. வேலை முடிந்தபின் அங்கிருந்த சாமான்கள் ஏலத்திலோ வேறு வழியிலோ ஊருக்குள் வந்திருக்கலாம். ரயில், பொதுவேலை முதலெழுத்து ஏதும் காலில் இருக்கிறதா என்று தேடச் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஒன்றை மனதில் வையுங்கள்: வைஸ் செய்யப்பட்ட ஆண்டும் ஊருக்கு வந்த ஆண்டும் ஒன்றல்ல. 1870-இல் அடித்தது 1925-இல் மூன்றாம் கையாக அம்மப்பாவின் தகப்பனிடம் வந்திருக்கலாம். “எங்கள் பூட்டன் புதிதாக வாங்கினது” என்ற கதையை மரியாதையோடு கேளுங்கள், ஆனால் அதை வைத்துச் செய்த காலத்தைக் கணக்கிடாதீர்கள்.

எனக்கு உங்கள் வைஸில் மிகவும் பிடித்த பகுதி நீங்கள் வெட்கப்பட்டு எழுதிய பகுதிதான்: லொறி வில்லும் கட்டடக் கம்பியும். அசல் கைபிடி உருண்டைக் கம்பியாக, இரண்டு முனையும் குண்டாக அடிக்கப்பட்டு, திருகின் தலையிலிருந்து கழற்ற முடியாமல் இருந்திருக்கும். அது உடைந்தபின் அம்மப்பா கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார். எப்போது? 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. உதிரிப்பாகம் கிடைக்காத காலம். 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடை. சீமெந்து, எரிபொருளோடு இரும்பும் தட்டுப்பாடு. அந்தக் காலத்தில் வன்னிக் கம்மாலைகள் லொறி வில்லில் கத்தியும் மண்வெட்டியும் அடித்தன. வைஸுக்கு வில்லு போடுவது அவர்களுக்கு ஒரு பொழுது வேலை. திருத்திய இடங்களைக் கவனித்தால் இன்னும் தெரியும். பெரும்பகுதிக்கு மின்சாரமே இல்லாத காலத்தில் உலையில் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள், அல்லது துளைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். வெல்டிங் தையல் இருந்தால் ஜெனரேற்றர் வைத்திருந்த கராச்சில் செய்தது, அல்லது போர் முடிந்த 2009-க்குப் பிந்தியது. வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால் “வில்லு எப்ப மாத்தினது?” என்று மட்டும் கேளுங்கள். வைஸ் எப்போது வந்தது என்பதற்குக் கிடைக்காத பதில் இதற்குக் கிடைக்கும், அந்த நேரம் எங்கே இருந்தோம் என்பதோடு சேர்த்து அது மனதில் நிற்கும்.

அதனால் சேகரிப்பாளர் யாராவது “அசல் வில்லு இல்லை, மாற்றினால்தான் விலை” என்றால் கேட்டுக்கொண்டு பேசாமல் இருங்கள். என் கணக்கில் லொறி வில்லைக் கழற்றினால் இந்த வைஸ் இன்னொரு விக்ரோறியா காலத்து வைஸாகிவிடும். அப்படிப்பட்டவை உலகம் முழுக்கக் கிடக்கின்றன.

புதைத்ததைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மிச்சச் சாமானும் அந்த வளவில் இருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். கண்ணிவெடி அகற்றிக் கையளித்த நிலமா என்று பிரதேச செயலகத்திலோ கிராம அலுவலரிடமோ உறுதி செய்யாமல் அலவாங்கு போட வேண்டாம். மண்ணுக்குள் இரும்பு என்று தட்டுப்படுவதெல்லாம் குறடும் சம்மட்டியுமாக இருக்காது. ஐயமாக ஒன்று தெரிந்தால் தொடாமல் அடையாளம் வைத்துவிட்டு அறிவியுங்கள்.

கம்மாலை எரிந்தது என்றும் சொன்னீர்கள். வைஸ் அப்போது மண்ணுக்குள் இருந்ததால் பரவாயில்லை. வெளியில் கிடந்து நெருப்புப் பட்டிருந்தால் வாயின் உருக்கு பதம் இழந்திருக்கும். பழைய அரத்தை வாயின் ஓரத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் பதம் இருக்கிறது. நன்றாகக் கடித்தால் மெதுமை. மெதுமையானாலும் வைஸ் வேலை செய்யும். காய்ச்சிய இரும்பைப் பிடிப்பதற்கு அது போதும்.

வளைந்த அடிக்கூரைக் குளிரில் தட்டி நிமிர்த்தாதீர்கள். தேனிரும்பு குளிரிலும் மங்கல் சிவப்பிலும் நாரோடு பிளக்கலாம். நன்றாக மஞ்சள் கனல் வரும்வரை காய்ச்சித்தான் அடிக்க வேண்டும். உலை வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோங்கள், காஸ் வெட்டுக்காரரிடம் வேண்டாம். குழலையும் திருகையும் முதலே கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

விலை கேட்டிருந்தீர்கள். பழைய இரும்புக்காரர் சொல்வது இரும்பின் விலை. வேலை செய்யும் கால் வைஸின் விலையைத் திருகும் குழலும்தான் தீர்மானிக்கும். புரி கூர்மையாகி மெலிந்திருந்தால் குறையும், தடிப்பாகச் சதுரமாக இருந்தால் கூடும். கையால் தள்ளி இழுத்துப் பார்க்கும்போது திருகு குழலுக்குள் முன்பின் ஆடும் அளவுதான் தேய்வு. கொஞ்சம் ஆடினால் வழக்கம். அரைப் புரி அளவு ஆடினால் திருகை இறுக்கிச் சம்மட்டி போடாதீர்கள்.

விற்காமல் நிறுத்தப் போகிறீர்களென்றால் பாலை அல்லது முதிரைக் கட்டை ஒன்றை முழங்கை ஆழத்துக்கு மேல் நட்டு, தட்டை அதில் நீண்ட போல்ட் போட்டு இறுக்குங்கள், ஆணி போதாது. வாய் உங்கள் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். அடிக்கூர் மண்ணில் நேரே இறங்கக் கூடாது, அடிக்க அடிக்கப் புதையும், ஈரத்தில் துருவும் ஏறும். ஒரு கருங்கல்லிலோ தடித்த இரும்புத் தகட்டிலோ குழி எடுத்து அதில் அடிக்கூரை ஊன்றுங்கள். கூருக்கு மேலே உள்ள தோள் கல்லில் முழுதாக உட்கார வேண்டும். புரிக்குக் கிறீசு, அச்சாணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், திருகின் தலைக்கும் முன்காலுக்கும் இடையே தேயாத ஒரு வாசர்.